லயத்தில் பிறந்த கைப்பேச்சு

அக்கா, ரப்பர் ஒட்டுப்பால் ஏற்றிய லோரி ஒன்று நேற்று மெர்லிமாவ் சிவப்பு விளக்கில் என் காருக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணாடியை ஏற்றுவதற்குள் அந்த நாற்றம் உள்ளே நுழைந்துவிட்டது. நம் ரப்பர் தோட்டம் செம்பனையாகி எத்தனையோ வருடம் ஆயிற்று, ஆனாலும் மூக்கு மறக்கவில்லை. மூக்கைப் பொத்துவதற்கு முன்பே என் கை நீ சொல்வதுபோலச் சொல்லிவிட்டது. இரண்டு விரலை மூக்கருகே கொண்டுபோய்த் தூர வீசும் அந்த வார்த்தை. காரில் யாருமில்லை. நீ இருந்திருந்தால், "உன்னைவிடவா நாறுது?" என்று கையாலேயே திருப்பிக் கொடுத்திருப்பாய்.

வார்த்தை என்றுதான் எழுதுகிறேன். சைகை என்று எழுதமாட்டேன். அதற்காகத்தான் போன சனிக்கிழமை டுரியான் துங்காலில் ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு நடுவே எழுந்து சண்டை போட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

என் மகள் மாலா படிக்கிற இடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். பேச வந்தவர் நல்ல மனிதர்தான். மனிதன் எப்படிப் பேச ஆரம்பித்தான் என்று விளக்கிக்கொண்டு வந்தார். பழைய கற்கருவி மண்ணுக்குள் கிடைக்கிறது, எலும்பு கிடைக்கிறது, பேச்சு மட்டும் தடயம் விடாமல் காற்றோடு போய்விட்டது என்றார். அதுவரை நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். "ஆக, ஒரு மொழி பிறந்ததைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை" என்று முடித்தார் பார், எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் பார்த்திருக்கேன் சார். எங்க தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்துச்சு" என்றேன்.

சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர் மட்டும் சிரிக்காமல், "சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன்.

அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனபின் வீட்டில் நீயும் நானும்தான். உனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் எங்கேயோ தூரத்தில் இருந்தது, உன்னை விட்டுப் பிரிய அம்மாவுக்கு மனசு வரவில்லை. எனக்கோ அப்போதுதான் வாய் திறக்கிற வயது. அப்பா எங்கே என்று கேட்க நீ முதலில் ஒரு கூத்தே நடத்துவாய். நெற்றி விளக்கை மாட்டி, குனிந்து, பட்டையைச் சீவி, பால் சொட்டுவதைக் காட்டி முடிப்பதற்குள் அப்பாவே வந்துவிடுவார். நாள் போகப் போகச் சொட்டுவது போயிற்று, சீவுவது போயிற்று, குனிவதும் போயிற்று. கடைசியில் நெற்றியில் ஒரு விரல் பட்டால் போதும், அது அப்பா. மழை வந்தால் தண்ணீர் சேராமல் மரத்தில் பால் சேரும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பார்களே, அதுபோல உள்ளங்கையைக் கவிழ்த்தால் மழை. மழையென்றால் வேலையில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமையும் அதுவே ஆயிற்று. இப்படி இருக்கட்டும் என்று நாம் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. அது தன்பாட்டுக்கு வளர்ந்தது.

நான் வேலைக்குப் போக, மாலாவை நீதானே வளர்த்தாய். அவளுக்கு வாயில் வார்த்தை வருமுன் கையில் வந்தது. பால் வெட்டுவதைக் கண்ணால் பார்க்காத பிள்ளை, நெற்றியைத் தொட்டுத் தாத்தா என்பாள். ஏன்டி நெற்றி என்று கேட்டால், "தாத்தான்னா அதுதான்மா, ஏன்னு கேட்டா எப்படிலா?" என்பாள். மொழி என்றால் இதைவிட வேறென்ன?

பேச வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சைகைதாம்மா. கண்ணு முன்னாடி இருக்கறதைக் காட்டும். இல்லாததைச் சொல்ல முடிஞ்சாதான் மொழி" என்றார்.

"இல்லாததா? எங்க அக்கா கையாலயே பொய் சொல்லுவா சார்."

தீபாவளி முறுக்கு டின்னைக் காலி செய்தது நீ. அம்மா வந்ததும், நான் எப்போது முக்காலியில் ஏறினேன், எப்படி வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன் என்று நடக்காத கதையை அத்தனை அழகாகச் சொன்னாய். விளக்குமாறு என் முதுகில்தான் விழுந்தது. இதைச் சொன்னபோது மண்டபமே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்ன அதே பேச்சை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே.

சொட்டு மருந்துக் குழாயைப் பிடுங்கினாயாம். அதனால் இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டிவிட்டார்கள். நான் வந்தபோது உன் விரல்கள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன, ஒரு சொல்கூட முழுசாக வரவில்லை. என்னவோ சொல்ல வருகிறாள் என்றேன். ஒன்றுமில்லை, சும்மா கையை ஆட்டுகிறார் என்றாள் தாதி. எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ. "மிஸ்ஸி, இத்தனை வருசம் இவ ஊமையா இருந்ததில்ல. இன்னிக்கு நீங்கதான் ஊமையாக்கிட்டீங்க. இது கை இல்ல, இவ வாய். அவுத்து விடுங்க, நான் பக்கத்துலயே உக்காந்து பார்த்துக்கறேன்" என்று வார்டே திரும்பிப் பார்க்க மலாய் மொழியில் கத்தினேன். கெஞ்சவில்லை அக்கா. டாக்டர் வந்து ஒரு கையை மட்டும் அவிழ்க்கச் சொன்னார்.

உனக்கு ஒரு கை போதும். வலிக்கிறது என்பாய் என்று பார்த்தேன். நீயோ பக்கத்துக் கட்டில் சீன அம்மாவைக் காட்டி, நேற்றிலிருந்து அவளைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை, என் மைலோவை அவளுக்குக் கொடு என்றாய். கஞ்சியில் உப்பில்லை என்றாய். இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று என்னை ஏசினாய். அதற்கப்புறம் நான்கு நாள்தான் இருந்தாய். நான்கு நாளும் பேசிக்கொண்டே இருந்தாய், நானும் விடாமல் பதில் சொன்னேன்.

இதையும் மண்டபத்தில் சொன்னேன். குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. மாலா மேடையோரம் ஒலிவாங்கியோடு நின்றிருந்தாள். கூட்டாளிகளுக்கு முன்னால் மானத்தை வாங்குகிறேன் என்று அவள் நினைப்பாளோ என ஒரு பயம் எனக்கு. அவள் ஒலிவாங்கியைக் கீழே வைத்தாள், இரண்டு கையையும் தூக்கினாள். "விடாதே. விட்டா பெரியம்மா உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்க" என்றாள், உன் கைவேகத்தில்.

பேச வந்தவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்போ இதைப் பேசறவங்க எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"ரெண்டு பேர் சார்."

"ரெண்டே பேரா?"

"ஆரம்பிச்சப்பவும் ரெண்டு பேர்தான்" என்றேன்.