இடது உதட்டோரம்

பிப்ரவரி 3

கச்சேரிக்கு இன்னும் மூன்று வாரம். எல்லாமே பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை. நடுவில் கிளாரினெட் தனியாக முன்னே நின்று வாசிக்கும் ஒரு பெரிய உருப்படி, வாசிப்பது என் வீட்டுக்காரர். பத்தொன்பது வருடமாக எங்கள் இசைக்குழுவில் இவர் முதல் கிளாரினெட், நான் இரண்டாவது. இந்த உருப்படியில் இரண்டாவது கிளாரினெட்டுக்கு வேலையே கிடையாது. ஒத்திகையில், கேட்பவர்கள் இருக்கையில், பத்தாவது வரிசையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

“சும்மா இல்ல, நீதான் என் காது” என்கிறார்.

கையசைத்து எங்கள் குழுவை நடத்தும் கண்டக்டர் இவரைப் பாராட்டியதைப் போனில் சொன்னேன். மாமியார், “எந்த பஸ்ல?” என்று கேட்டார்.

பிப்ரவரி 8

மெதுவான பகுதியில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். முகவாதம் வந்து போன பிறகு அவருடைய இடது உதட்டோரம் முழுதாக மூடுவதில்லை, காற்று கசிகிறது. அவருக்குத் தெரியவில்லையா? ஊதும் முனையில் செருகும் நாணல் சீவலை, அந்த ரீடை மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்.

காரில், “எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன்.

பிப்ரவரி 9

இன்றும் “நல்லா இருந்துச்சு.”

பிப்ரவரி 13

சொல்லிவிடத்தான் நினைத்தேன். கறுப்புக் கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நின்று, “மாப்பிள்ளை மாதிரி இருக்கேனா?” என்றார். நோய்க்கு அப்புறம் அவர் வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான். எப்படிச் சொல்வேன்? — இல்லை, இது சாக்கு. எனக்குத் தைரியமில்லை.

பிப்ரவரி 17

மெதுவான பகுதியில் கண்டக்டர் கையை இறக்கினார். “காத்து சத்தம் கேக்குது சார். ஒரு வாரமா கவனிக்கிறேன். வீட்ல சொல்லியிருப்பாங்களே?”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

காரில், “உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“எப்போலேருந்து?”

“எட்டாம் தேதிலேருந்து.”

“ஒம்பது நாள். நீ சொல்லியிருந்தா நானே விலகியிருப்பேன். அத்தனை பேர் முன்னாடி நிக்க வெச்சுட்டியே.”

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

பிப்ரவரி 18

அவரே இசைக்குழு அலுவலகத்துக்குப் போன் செய்தார். “அவளே வாசிக்கட்டும். அவளுக்கு மனப்பாடம்.”

“என்னைப் பழிவாங்கறீங்களா?” என்று கத்தினேன்.

“இல்லம்மா. வேற யார் இருக்கா?”

கோபப்பட்டிருந்தால் தேவலை.

பிப்ரவரி 24

வாசித்தேன். பிசகில்லை. கைத்தட்டல் அடங்க நேரமானது. அவர் அரங்கின் பின்னால், கதவோரம் நின்று கேட்டாராம். “ரொம்ப அருமை” என்றார். யாரோ வெளியாளிடம் சொல்வது போல.

மார்ச் 20

இனி கிளாரினெட்டைத் தொடுவதில்லை என்று பெட்டியைப் பரணில் போட்டிருந்தார். நானும் நம்பினேன். இன்று கீழ்வீட்டு அம்மா சொல்கிறார்: “நீங்க கிளம்பினதும் சார் வாசிக்க ஆரம்பிச்சிடறாரே! நீங்க வந்தா மட்டும் ஏம்மா நிறுத்திடறார்?”

மார்ச் 22

ஒத்திகைக்குக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பி வந்தேன். எங்கள் வாசல்வரை ஏறி நின்றேன். உள்ளே அதே மெதுவான பகுதி. கசிவு குறைந்திருக்கிறது. நிஜமாகவே குறைந்திருக்கிறது. சில இடங்களில் இல்லவே இல்லை. ஓடிப்போய்ச் சொல்லலாம். நான் சொன்னால் இனி நம்புவாரா?

என் காலடி கேட்டிருக்க வேண்டும். வாசிப்பு நின்றது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். கீழ்மாடிக்கு வந்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தார்.