கடிகாரப் பொத்தானை நான் அழுத்தவில்லை

குத்தாயிஸி, ஜார்ஜியா
அக்டோபர் 9

என் மகளே எலிசோ,

மூட்டுவலியைத் தவிர எனக்குக் குறை ஒன்றுமில்லை. தெசலோனிகியில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். முற்றத்துக் கொடியில் திராட்சை பறித்தாயிற்று, மழையில் பாதி வெடித்துவிட்டது. நீ அனுப்பிய மாத்திரை வந்தது. வசந்தத்தில் அடுப்பை எரியவிட்டு நான் சந்தைக்குப் போனேனே, அதற்குப் பிறகு, இன்னொரு தடவை இப்படி மறந்தா ஒளிக்காம சொல்லணும்மா, வந்து கூட்டிட்டுப் போயிடுவேன் என்று சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கினாய். இப்போது ஒன்று நடந்திருக்கிறது. அது மறதியில் சேருமா என்றுதான் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீயே பார்.

சனிக்கிழமை மூத்த பெண்களுக்கான சதுரங்கப் போட்டியில் கடைசி ஆட்டம். எதிரே நம் பள்ளியில் பூகோளம் எடுத்த சியாலா. பலகையில் ஆளுக்கொரு கோட்டை, எனக்கு இரண்டு சிப்பாய் அதிகம், அதில் ஒன்று ராணியாக ஒரே கட்டம்தான் பாக்கி. பாவி, மூணாங்கிளாஸ் பிள்ளைகூட இதை ஜெயிச்சிடும், சீக்கிரம் முடி, எனக்கு பஸ் போயிடும் என்று சியாலாவே முனகினாள். கோட்டையைக் குறுக்கே வைத்து அவள் ராஜாவின் வழியை அடைத்தேன். இனி அவள் யோசிக்கட்டும் என்று கைகட்டி உட்கார்ந்தேன். ஆறு நிமிடம். அவள் பலகையைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். நேரம் தீர்ந்ததைக் காட்டும் கடிகாரக் கொடி விழுந்தது, என் பக்கத்துக் கொடி. காயை நகர்த்திய பிறகு, என் நேரத்தை நிறுத்தி அவள் நேரத்தை ஓடவிடும் பொத்தானை நான் அழுத்தவே இல்லை, அவ்வளவு நேரமும் ஓடியது என்னுடைய நேரம். ஜெயித்த ஆட்டத்தில் தோற்றேன்.

சொல்லியிருக்கலாமே என்று அவள்மேல் கோபம் வந்தது. ஆனால் முப்பத்துநாலு வருஷம் தேர்வறையில் நின்றவள் நான். பின்பக்கத்தைத் திருப்பாமலே தாளை நீட்டிய பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. அவளை மட்டும் எப்படிக் குறைசொல்வது. மறுநாள் பாலாடைக்கட்டி ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். அடியே மேதேயா, சத்தியமா நானும் பார்க்கலடி, எப்படித் தப்பிக்கிறதுன்னு முழிச்சிட்டிருந்தேன் என்றாள். அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா, அதுவும் விளங்கவில்லை. உண்மையென்றால் இருவருமே மறந்திருக்கிறோம். அவளுக்கு அறுபத்தாறுதான், அவளை யாரும் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகப் போவதில்லை.

அவள் போனதும் குறிப்புத்தாளைப் பார்க்காமல் ஆட்டத்தைத் திரும்ப ஆடிப் பார்த்தேன். அறுபத்தொரு நகர்த்தலும் வரிசை பிசகாமல் வந்தன. தாளோடு ஒப்பிட்டேன், ஒரு தப்பும் இல்லை. இத்தனையும் நினைவிருக்கும் ஒருத்திக்கு ஒரு விரலை நீட்டத் தோன்றாமல் போனது எப்படி? பெட்டி கட்டச் சொன்னால் கட்டுகிறேன். ஆனால் என்னைச் சமாதானப்படுத்த மட்டும் ஒன்றும் எழுதாதே, அதற்கு சியாலா ஒருத்தி போதும்.

கடவுள் உங்கள் இருவரையும் நோய்நொடி அண்டாமல் வைக்கட்டும். வியாழக்கிழமை பல் வைத்தியரிடம் போக வேண்டும் என்றாயே, மறந்துவிடாதே.

உன் அம்மா,
மேதேயா