பொட்டு வைக்க இடமில்லாத வீணை

இல்லை, நீயே சொல்லு, என்ர ஆசை அக்கா. தலை எது, கால் எது என்றே தெரியாத ஒரு படத்துக்கு நான் எங்கே பொட்டு வைப்பேன்?

உன் மகள் அபி உன்னுடைய வீணையைப் படமாகக் கீறியிருக்கிறாள். அவள் அப்படித்தான் சொல்கிறாள். நான் பார்த்தால் குடமும் இல்லை, யாளி முகமும் இல்லை. கறுப்பில் நாலைந்து வளைவு, நடுவில் மஞ்சள் தடிப்பாக ஒழுகிக் கிடக்கிறது, மூலையில் கொஞ்சம் சிவப்பு.

"எங்கையடி பிள்ளை வீணை?"

"உருவத்தைத் தேடாதேங்கோ, சின்னம்மா. இது அம்மா வாசிச்ச தோடி ராகம்."

தோடியை யாராவது கண்ணால் கண்டதுண்டோ?

நீ பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் குனிந்திருந்துவிட்டு வந்து, கைகால் கழுவி, சாமிக்கு விளக்கேற்றிய பிறகுதான் வீணையைத் தொடுவாய். அதைத் தாண்டிப் போகக்கூட என்னை விடமாட்டாய். உன் மகளோ படத்துணியைத் தரையில் விரித்து, சப்பாத்தோடு சுற்றிச் சுற்றி நடந்து கீறினாளாம். கேட்டால், "அது வெறும் துணி, சின்னம்மா" என்கிறாள். அப்படியென்றால் சரஸ்வதியின் கையில் இருப்பதும் வெறும் கட்டையோ?

நீ எங்களை விட்டுப் போன பிறகு வந்த முதல் சரஸ்வதி பூசை. நீ வருசா வருசம் வாசித்த கோயில் மண்டபத்தில் உன் படம் வைக்கக் கேட்டிருந்தார்கள். போட்டோவுக்குப் பதிலாக அபி இதைத்தான் கொண்டுவந்தாள். ரயிலில் அவள் ஒரு பக்கம் பிடிக்க, நான் மற்றப் பக்கம் பிடித்தேன். வழி முழுக்க ஏசிக்கொண்டுதான் பிடித்தேன்.

மண்டபத்துக்குப் பொறுப்பானவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன தங்கச்சி, பெயின்ட் வாளி கவிண்டு போச்சோ? பின்னுக்குச் சப்பாத்து கழட்டுற இடத்தில வையுங்கோ."

அபி படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். ஐயோ அக்கா, அந்தப் பிள்ளையின் முகம்!

எனக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அண்ணை, அது என்ர அக்காவின்ர தோடி. நான் ஏசுவன், அது எங்கட வீட்டுக் கதை. சிரிக்கிறதுக்கு நீங்கள் ஆர்?" என்று சனத்துக்கு முன்னால் கேட்டேன். குங்குமத்தை அள்ளிக்கொண்டு போய், படத்தைத் திருப்பி, நடுவில் ஒரு பொட்டும் வைத்தேன். அந்த மஞ்சள் இன்னும் காயவில்லை! பொட்டு அதிலேயே ஒட்டிப்போனது. கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். "இருக்கட்டும், சின்னம்மா" என்றாள்.

அவர் கடைசிவரை படத்தை உள்ளே விடவில்லை. நீயும் இல்லாமல், உன் தோடியும் இல்லாமல் பூசை முடிந்தது. நீ வாசிக்கும்போது முன்வரிசையில் தலையாட்டின சனம், ஒன்றாவது வாய் திறந்ததோ?

படம் என் சாமியறையில் இருக்கிறது. வருகிற சரஸ்வதி பூசைக்கு நானே தூக்கிக்கொண்டு போய் அம்மனுக்குப் பக்கத்தில் வைப்பேன். அதுவரை அந்தக் கோயிலுக்கு ஒரு மோதகம்கூட அவித்துக் கொடுக்கமாட்டேன். அம்மன் மேல் சத்தியம். அபிக்கு ஏசுவதையும் விடமாட்டேன், அது வேறு.

உன்னிடம் மட்டும் வாய் தோற்ற,
உன்ர தங்கச்சி

அட, இப்போதுதான் ஞாபகம் வருகிறது: வாசிக்கும்போது நீ ஒருநாளும் வீணையைப் பார்த்ததில்லை, அக்கா. கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பாய்.