மணி நின்ற ஒரு மணி நேரம்

கிவிலாய்டு தீவு
12 அக்டோபர் 1936

அன்பு மகன் ஆக்செலுக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் ஒன்றுதான் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி சுகமாக இருக்கிறேன். நீயும் மருமகளும் பிள்ளைகளும் அந்தக் கனடாக் குளிரில் நலமாக இருக்கக் கர்த்தர் காக்கட்டும். உருளைக்கிழங்கு போன வருஷம் போல இல்லை. நம் கலங்கரை விளக்கத்தின் வரலாற்றை எழுதி அனுப்பு, அங்குள்ள நம்மவர்கள் மலரில் அச்சடிக்கப் போகிறார்கள் என்று கேட்டிருந்தாய். மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். முதலில் கல்மேட்டின் மேல் இரும்புக் கூடையில் விறகு எரித்தார்கள், அதிலேயே தீவின் பாதிக் காடு போயிற்று, பிறகு கோபுரம் கட்டி எண்ணெய் விளக்கு வைத்தார்கள், உன் தாத்தா காவலராக இருந்தபோது மூடுபனிக்கென்று மணி வந்தது, அதுவரை சரியாக எழுதிவிடுகிறேன். 1911-க்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது.

அந்த வருஷத்து விளக்கு நாட்குறிப்பில், அக்டோபர் ஒன்பது, மதியம் இரண்டு மணிக்குப் பனி விலகியது என்று இருக்கிறது. அது பொய். எழுதியவள் நான். அப்போது காவலராக இருந்த உன் அப்பா எண்ணெய் வாங்கப் பெரிய தீவுக்குப் போயிருந்தார், இரண்டு நிமிஷத்துக்கு மூன்று அடி என்று மணிக்கயிறு என் கையில். உனக்கு நாலு வயது, அம்மை போட்டுக் காய்ச்சல் கொதித்தது, ஒவ்வொரு அடிக்கும் தலையைப் பிடித்துக்கொண்டு, போதும்மா, வலிக்குதும்மா என்று அலறினாய். கயிற்றை விட்டேன். உடனே தூங்கிப்போனாய். ஐந்து நிமிஷம் என்றுதான் நினைத்தேன், ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் பக்கத்து வீட்டு லேனாவின் புருஷன் ப்ரீடுவின் படகு மேற்குப் பாறையில் மோதிவிட்டது, அவர் திரும்பவே இல்லை. உன் அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை, தெரியாமலேயே அவரும் போய்ச் சேர்ந்தார். லேனாவோ இருபத்தைந்து வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் புகைபோட்ட மீன் கொண்டுவந்து தருகிறாள், நானும் வாங்கித் தின்கிறேன்.

போன செவ்வாய், நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. மணி நின்னது எனக்கும் கேட்டுச்சு ட்ரீனு, அப்பாடா, புள்ள தூங்கிட்டான்னுதான் நெனச்சேன், ஓடிவந்து மணிய அடிடின்னு சொல்லாம உக்காந்து காலுறை பின்னிக்கிட்டிருந்தேன், இத நான் யார்கிட்டடி சொல்றது என்றாள். மன்னித்தாளா என்று தெரியாது, நான் கேட்கவும் இல்லை. இருவருமாக மிச்ச மீனை அரிந்து முடித்தோம். வீட்டுக்கு வந்து அந்தப் பொய் வரியை அடித்து உண்மையை எழுதினேன்.

காதை மூடாமல் வெளியே போகாதே, பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், கர்த்தர் உங்களோடு இருப்பாராக. மறந்துவிடாதே, அந்த மலரில் இதையும் என் பெயரோடு போடு. நீ தூங்கினாய் என்பதை மட்டும் எழுதாதே.

உன் அம்மா
ட்ரீனு