ஒரு ஆள் மட்டும் ஏறும் பிளேன்

மே 27, செவ்வாய்

சிரோக்கோ, கடல் தாண்டி வரும் பாலைவனக் காற்று. தொண்டைக்குள் மண். செத்தல் மிளகாய்க்கு நல்ல வெயில். பல்கனியில் இரண்டு கதிரை போட்டேன், குறுக்கே வைக்கப் பலகை இல்லை. மகளின் கட்டிலுக்குக் கீழே பழைய போர்வையில் சுற்றி ஒன்று கிடந்தது. நீளம், வழுவழுப்பு, நடுவில் துளை, இரண்டு முனையும் சற்று முறுகினது. மகள் வேலைக்குப் போகும் வீட்டுச் சிஞ்ஞோரா எறிந்த அலுமாரித் துண்டாக்கும். எடுத்துக் குறுக்கே வைத்து, மேலே மிளகாய்த் தட்டுகள்.

பேத்தி பள்ளியால் வந்து கத்தினாள். "நொன்னா! அது மம்மாட எலிகா!"

எலிகா என்றால் என்ன? கையைச் சுழற்றிக் காட்டினாள். "பிளேன்ட முன்னுக்குச் சுத்துறது."

"எந்தப் பிளேன்?"

பிள்ளை வாயைப் பொத்தினாள்.

பின்னேரம் மருமகன் அருள்நாதன் வந்தார். வியா மக்வேதாத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர். சப்பாத்துக் கழற்ற விடாமல் வாசலிலேயே கேட்டேன்.

"கோவிக்காதேங்கோ மாமி. ஜெசி ஒரு பிளேன் வாங்கியிருக்கிறா. ஒரு ஆள் மட்டும் ஏறுறது. பழைய கார் ஒண்டின்ர விலைதான்."

இருந்துவிட்டேன். தரையில்.

என் மகள். வயது நாற்பத்து மூன்று. கால்சாவில் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் தரை துடைக்கிறவள். பிளேன். இதற்குப் பைலட் லைசென்ஸ் வேண்டாமாம். பிளேன் விடும் மைதானத்திலேயே பழக்கி ஒரு அத்தாட்சி கொடுப்பார்களாம், அது போதுமாம். அதையும் எடுத்து முடித்துவிட்டாளாம்.

"எப்ப பழகினவள்?"

"ஞாயிற்றுக்கிழமையளில, மாமி."

ஞாயிறு பின்னேரம் அவள் போனது செபக்கூட்டத்துக்கு. நானே மெழுகுதிரி கொடுத்து அனுப்பினேன்.

மே 28, புதன்

நித்திரை இல்லை. ஞாயிறு எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வருகிறது. தவக்காலத்து முதல் ஞாயிறு, முழங்காலில் சேறு. கோயில் படியில் வழுக்கினதாம். குருத்தோலை ஞாயிறு, தலைமயிரில் பெற்றோல் மணம். பஸ் புகையாம். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்தது, கண் இரண்டும் சிவப்பு. செபத்தில் உருகி அழுதாளாம். நானும் நம்பி என் பங்குக்கு அழுதேன்.

ஆண்டவர் பெயரில் சொன்ன பொய். மறக்கமாட்டேன். பெண் பார்க்க வந்த அன்று இந்த மருமகன் என் தேத்தண்ணீரை அரைவாசியில் வைத்ததையே மறக்காதவள் நான்.

மகளோடு கதையில்லை. மருமகனைத்தான் கேட்டேன். "நீங்கள் ஒரு ஆம்பிளை. நீங்களாவது ஏறலாமெல்லோ?"

"நான் ஏறினா அது எழும்பாது மாமி. பாரக் கணக்கு இருக்கு. மெல்லிய ஆக்கள்தான் ஏறலாம்."

பாரக் கணக்கா. சரி.

கபோ சந்தைக்குப் போனேன். ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ரின்னில் அடைத்த தேங்காய்ப்பால், வெண்ணெய். மத்தியானம் புட்டும் இறைச்சியும். இரவு பொரித்த கத்தரிக்காய், சொதி, திரும்பவும் புட்டு.

ஜெசி கோப்பையைத் தள்ளினாள். "அம்மா, என்னைக் கொழுக்க வைக்கவோ பாக்கிறீங்கள்?"

இன்னும் ஒரு அகப்பை புட்டு வைத்தேன். அருள்நாதன் அவளுடைய பங்கையும் சாப்பிட்டார். சிரிப்பு வேறு.

மே 30, வெள்ளி

காற்று விழுந்தது. மூட்டம். முழங்கால் நோ.

இன்று நானே வாயைத் திறந்தேன். அவள் அந்த எலிகாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மிளகாய்க் காரம் இன்னும் போகவில்லை, தும்மினாள்.

"உன்ர அப்பாவை எது கொண்டது எண்டு ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு."

"குண்டு போட்ட அந்தச் சின்னப் பொம்மரை இந்த நாட்டிலதான் செய்தது எண்டு அப்பவே சனம் கதைச்சது. தெரிஞ்சும் இஞ்சை வந்து தரை துடைக்கிறம். ஏறவும் வேணுமோ?"

துடைப்பதை நிறுத்தவில்லை.

"பங்கர்க் குழிக்குள்ள என்ர தலையை அமத்திப் பிடிச்சுக்கொண்டிருந்தீங்கள். அப்பா வள்ளத்தை இழுக்க எண்டு கரைக்குப் போனவர்."

"கதையாதை."

"மேல இருந்தவனுக்கு அப்பாவைத் தெரிஞ்சதோ, இல்லாட்டித் தெரியாமப் போட்டவனோ? சின்னனில இருந்து எனக்குள்ள கிடக்கிறது இது ஒண்டுதான். மேல போய்ப் பாக்கோணும் அம்மா. ஒருக்கா."

எழும்பி குசினிக்குப் போய்விட்டேன். உப்பை இரண்டு தரம் போட்டேன்.

அடக்கம் முடிந்த அன்று பங்குச் சுவாமியார் சொன்னார்: "மேலயிருந்து பாத்தா மனிசர் தெரியாது பிள்ளை. தெரியாமப் போட்டிருப்பான். மன்னிச்சு விடு." மன்னித்தேன். என் சீவியத்தில் நான் மன்னித்த ஒரே ஆள் அந்தப் பொம்மர்காரன்தான். அதையும் இவள் கிண்டப் போகிறாள்.

ஜூன் 1, ஞாயிறு

வெயில். இலை அசையவில்லை. பூசை முடிந்த கையோடு போனோம். வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். பிறகு காரில் முதலாவதாக ஏறி இருந்தவள் நான்.

நகரத்துக்கு வெளியே கோதுமை வயல், நடுவில் புல்லு வெட்டிய ஒரு கீற்று, தகரக் கொட்டில். பிளேன் என்றால் என்ன? குழாய், துணி, ஒரு கதிரை. கதவு இல்லை. தையல் மெசினை விடக் கொஞ்சம் பெரிய எஞ்சின். இதற்குள் என் பிள்ளை.

மைதானக்காரக் கிழவர் என் கையைப் பிடித்து, "த்ராங்குவில்லா, சிஞ்ஞோரா", பயப்படாதே என்றார். கையை உருவினேன்.

அருள்நாதன் தீர்த்தப் போத்தலோடு சுற்றிச் சுற்றித் தெளித்தார்.

"தம்பி, எஞ்சினுக்குள்ள ஊத்தாதேங்கோ!" என்று கத்தினேன்.

அவள் எழும்பியதை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிச் செபமாலை. திரும்பி எங்கள் தலைக்கு மேலால் வந்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான். என்னைக் கேட்காமல் கால் மடிந்தது. வயலுக்குள் குப்புறக் கிடக்கிறேன், காதைப் பொத்தி, வாயைத் திறந்து. பக்கத்தில் மருமகன். அவரும் அப்படியே. ஒருவரையொருவர் பார்த்தோம். கிழவர் மட்டும் நின்றபடி.

இறங்கினாள். துள்ளித் துள்ளி வந்து நின்றது. உயிரோடு. ஓடிப்போய் முதுகில் ஒன்று போட்டேன். பிறகுதான் கட்டிப்பிடித்தது.

முகம் வெளுத்திருந்தது. நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் பல்லை இறுக்கினேன். மருமகன் கேட்டுவிட்டார்.

"என்ன தெரிஞ்சது ஜெசி?"

"எல்லாம். நீங்கள் ரெண்டு பேரும் விழுந்தது. அம்மாட ஒரு செருப்புக் கழண்டது."

"அது கீழால வந்தபடியா. உயரத்தில தெரியாது" என்றேன்.

"உயரத்துக்கும் போனனான் அம்மா. முகம் தெரியேல்லை. பக்கத்து வயலுக்குள்ள ஒருத்தர் போனவர். போறது மனிசன் எண்டு நல்லாத் தெரியும்."

வீடு வரும்வரை கழண்ட செருப்பை மடியில் வைத்திருந்தேன்.

தெரியாது என்று சொன்ன சுவாமியார் செத்துப் பல வருடம். யாரிடம் போய்க் கேட்பது.

என் மனுசன் அன்று கரையில் ஓடினவர். பங்கர் வாசலில் இருந்து நான் கண்டேன். நான் மீன்பிடிக்காரன், நான் மீன்பிடிக்காரன் என்று இரண்டு கையையும் மேலே ஆட்டிக்கொண்டு ஓடினவர்.