லாரியில் நீ நின்றுகொண்டு வந்த நாட்கள்

இன்று காலை பொன்னேரி மார்க்கெட் வாசலில் ஒரு பழைய லாரி வந்து நின்றது. எஞ்சின் சூடு தணியட்டும் என்று டிரைவர் அதன் மூடிமேல் ஈரச் சாக்கை விரித்துப் போட்டான். மீன் ஏற்றிய சாக்கு. டீசலும் மீன் தண்ணீரும் சேர்ந்து வேகிற அந்த வாடை மூக்கில் ஏறியதும், தலைக்கூடையை இறக்க மறந்து அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவள் "நவுருக்கா" என்று இடித்த பிறகுதான் கால் நகர்ந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். எனக்கு நீ பக்கத்தில் வந்து நின்றாற்போல இருந்தது.

வருகிற ஆடி வந்தால் நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம். குப்பத்தில் எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எல்லார் வீட்டுக் கடுதாசியும் நான்தான் எழுதினேன். உனக்கு மட்டும் ஒன்றுகூட எழுதியதில்லை. அடுத்த வீட்டில் இருப்பவளுக்கு யார் கடுதாசி போடுவார்கள்? தட்டிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து "இன்னாடி?" என்று குரல் வரும். இப்போது தட்டிப் பயனில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒரே தை மாதத்தில் பழவேற்காட்டுக் குப்பத்துக்கு மருமகள்களாக வந்தவர்கள் நாம். மீன்கூடை தூக்கக் கற்றதும் ஒன்றாகத்தான். ஏரி மீனைப் பொன்னேரியில் விற்றால் அன்றைய சோற்றுக்குச் சரியாக இருக்கும். திருவள்ளூருக்குக் கொண்டுபோனால் கையில் ஏதாவது நிற்கும். ஆனால் அங்கே நேராகப் போக ரயில் கிடையாது, பட்டணம் போய்ச் சுற்ற வேண்டும். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கூடையை இறக்கு என்பார். அதனால்தான் நாம் பதினோரு பெண்கள் சேர்ந்து ஒரு லாரியைக் குத்தகைக்கு எடுத்தோம். காலையில் நம்மைத் திருவள்ளூரில் விட்டு, மத்தியானம் திரும்ப ஏற்றிவர வேண்டும். இரண்டு வருஷக் குத்தகை. முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதியவள் நான். அதில் விழுந்த முதல் கைநாட்டு உன்னுடையது.

லாரியின் சொந்தக்காரர்தான் அதை ஓட்டவும் செய்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவர் பிள்ளைகள் நைனா என்று கூப்பிட்டதைக் கேட்டு நாமும் நைனா என்றே கூப்பிட்டோம். காலையில் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றோ சுற்றென்று சுற்றினால்தான் வண்டி உறுமும்.

"இந்த வண்டி எங்க மாமியா மாதிரி நைனா, எழுப்பறதுக்குள்ள நம்ம உசுரு போயிடுது" என்பாய் நீ.

"மாமியாள அதட்டி எழுப்புவாங்களாம்மா? மெதுவாத்தான் எழுப்பணும்" என்று சொல்லிக்கொண்டே அவர் இன்னொரு சுற்றுச் சுற்றுவார்.

நாங்கள் பத்துப் பேரும் முன்னால் தட்டியோரம் நெருக்கி உட்காருவோம். நீ மட்டும் கடைசியில், பின்கதவை ஒட்டி, விட்டுவந்த ரோட்டைப் பார்த்தபடி உட்காருவாய். தச்சூர் கூட்டுரோடு தாண்டிப் பெரியபாளையம் வரும்வரை புழுதி முழுக்க உன் முகத்தில்தான். ஏன் அங்கே உட்காருகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "போற ஊரு எப்டியும் வந்துடும்டி. உட்டுட்டு வர்றதத்தான் நல்லா பாத்துக்கணும்" என்றாய். அப்போது அதைக் கேட்டுச் சிரித்தேன்.

ஒரு வருஷம் போனது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகளுக்காக மேட்டுநிலத்தைத் திருத்தத் தொடங்கியிருந்த காலம் அது. ஜல்லியும் சிமெண்டும் ஏற்ற அந்தப் பக்கம் புதுப்புது லாரிகள் வந்தன. அப்படி இரண்டு லாரி வைத்திருந்த ஒருவர் நம் அஞ்சலை அக்காவுக்குத் தூரத்து உறவு. நம்மில் மூத்தவளான அஞ்சலை அக்காதான் சேதி கொண்டுவந்தாள். அவருடைய வண்டிகளில் ஒன்று காலையில் சும்மா நிற்கிறதாம், நமக்குத் தருகிறாராம். வாங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகாத வண்டி. மேலே தார்ப்பாய் உண்டு, ஸ்பிரிங் பட்டை ஒன்றும் தேயவில்லை, உட்கார்ந்தால் மெத்தை மாதிரி. ஆனால் இந்த மாதமே பதில் சொல்ல வேண்டும். நைனாவின் குத்தகை முடிய இன்னும் பதினோரு மாதம் இருந்தது.

அந்தச் சேதி வருவதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே நீ லாரியில் உட்காருவதை விட்டுவிட்டிருந்தாய். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, திருவள்ளூர் வரை நின்றுகொண்டே வந்தாய். பள்ளம் வரும்போது குதிகாலைத் தூக்கிக்கொள்வாய். முந்தின வாரம் உனக்கும் எனக்கும் ஒரு எறாக் கூடையை வைத்துச் சின்னச் சண்டை. அந்தக் கோபத்தில்தான் என் பக்கத்தில் உட்காரப் பிடிக்காமல் நிற்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். "மகாராணி நின்னுக்கினே வர்றாங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பையும் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் லாரி நிற்கிற சவுக்குத்தோப்பு ஓரத்தில் பதினோரு பேரும் உட்கார்ந்து பேசினோம். முதலில் வாய் திறந்தவள் நீ.

"பழைய வண்டி வேணாம். இந்த மாசமே மாத்திக்கலாம்."

அதுவரை எதற்கும் 'உங்க இஷ்டம்' என்று சொல்லுகிறவள் நீ. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் ஒப்பந்தத் தாளை மடியில் விரித்து வைத்திருந்தேன்.

"ரெண்டு வருஷம்னு எழுதிக் குடுத்திருக்கோம். நம்மள நம்பித்தான் நைனா செங்கல் சூளை வாடகைய வேணாம்னு சொன்னாரு. நாலு டயரும் புதுசா மாத்தினாரு. இப்ப நடுவுல உட்டுட்டுப் போனா அவுரு ஊட்ல அடுப்பு எரிய வேணாமா?"

"எனுக்காகக் கேக்கறேன்னு வெச்சிக்கயேன்" என்றாய்.

"உனுக்கு மட்டும் இன்னா தனியா? அல்லாருக்கும்தான் இடுப்பு வலிக்குது."

நீ என்னையே பார்த்தாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய். சுற்றி உட்கார்ந்திருந்த முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாய். நான் தாளைக் கையில் எடுத்து, குத்தகைக் காலம் பற்றிய வரியைச் சத்தமாகப் படித்தேன். படிக்கத் தெரிந்தவள் படித்தால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆட்டினார்கள்.

"சரி, இருக்கட்டும்" என்று எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டாய்.

இத்தனை காலம் கழித்து ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நைனாவின் அடுப்பைப் பற்றி நான் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அன்றைக்கு நான் அத்தனை வேகமாகப் பேசியது அவருக்காக மட்டும் இல்லை. அந்தத் தாளில் இருந்தது என் கையெழுத்து. நான் எழுதியதை என் கண்ணெதிரே ஒருத்தி வேண்டாம் என்றது எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் இருக்கும். மழை பெய்து ஓய்ந்த காலை. தச்சூரைத் தாண்டியதும் ரோடு முழுக்கக் குழி. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது துப்பாக்கி வெடித்தாற்போலச் சத்தம். ஸ்பிரிங் பட்டை முறிந்து வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூடைகள் சரிந்தன. நின்றுகொண்டிருந்த நீ கயிறு கைநழுவித் தொப்பென்று பலகையில் உட்கார்ந்தாய். "அடி பட்டுச்சா?" என்று அஞ்சலை அக்கா கேட்டாள். "இல்லக்கா" என்றாய். நைனா கட்டையைக் கொடுத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மெதுவாக ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நீ அன்றைக்கு உன் கூடையை முழுதாக விற்றுத் தீர்த்தாய். எனக்கு மிச்சமிருந்த கெழங்கான் மீனையும் கூவி விற்றுக் கொடுத்தாய்.

மூன்றாம் நாள் நீ வரவில்லை. நான்காம் நாளும் இல்லை. உன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அம்மா வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டாய் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் லாரியில் போகும்போது அஞ்சலை அக்கா என் காதருகே குனிந்தாள்.

"அவ பொன்னேரி ஆஸ்பத்திரில கீறாளாம்டி. முழுகாம இருந்திருக்கா. மூணாவது மாசமாம். கலைஞ்சிடுச்சு."

 நீ முழங்காலை மடக்கி, குதிகாலைத் தூக்கி நின்றதுதான் கண்ணில் தெரிந்தது. எழுந்து டிரைவர் கூரையைப் படபடவென்று தட்டினேன். நைனா வண்டியை ஓரம்கட்டி இறங்கி வந்தார். அஞ்சலை அக்காதான் சொன்னாள். அவர் உடனே ஏறி உட்கார்ந்து, நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டினார். மீன் கெட்டுப்போகும் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

பத்துப் பேரும் திமுதிமுவென்று உள்ளே வந்ததைப் பார்த்து நர்ஸம்மா கத்தினார். "இன்னாம்மா இது, ஆஸ்பத்திரியா மீன் மார்க்கெட்டா? ஒருத்தர் இருங்க, மத்தவங்க வெளிய போங்க!" யார் இருப்பது என்று எல்லாரும் முழித்தபோது, கட்டிலிலிருந்து நீ கையை நீட்டி என்னைக் காட்டினாய்.

"ஏண்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"மூணு மாசம் முடியட்டும்னு பாத்தேன். அல்லார் காதுலயும் போட்டா கண்ணு பட்டுடுமோன்னு பயம்."

"எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். நீதான் பத்திரம் படிச்சிக்கினு இருந்தியே" என்றாய். குத்திக்காட்டச் சொல்லவில்லை, எப்போதும்போலச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போது உன் கை என் முதுகில் வந்து விழுந்தது.

"த பார், நர்ஸம்மா சொன்னாங்க. வண்டியால இல்லியாம். தங்காதது தங்காதாம். ஊட்ல பாயிலயே படுத்துக்கினு இருந்திருந்தாலும் போயிருக்குமாம். நீ பேஜார் பண்ணிக்காத."

அடுத்த வாரம் நைனா தானாகவே குப்பத்துக்கு நடந்து வந்தார். "நான் ஓட்டன வண்டிம்மா. இனிமே உங்கள அதுல ஏத்த எனுக்கு மனசு ஒப்பல. நீங்க அந்தப் புது வண்டியே எடுத்துக்குங்க" என்று அவர் வைத்திருந்த ஒப்பந்தத் தாளை என்னிடம் நீட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புது வண்டியே எடுக்கலாம் என்று சொன்னேன். நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "இப்ப எனுக்கு எதுக்குடி புது வண்டி?" என்றாய்.



கும்மிடிப்பூண்டி லாரி வந்தது. தச்சூர்ப் பள்ளங்கள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நீ மறுபடி கடைசியில், பின்கதவோரம் உட்கார ஆரம்பித்தாய். நைனா செங்கல் சூளை வாடகைக்கே திரும்பிப் போய்விட்டார். எப்போதாவது அவர் வண்டி எதிரே வந்தால் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். நீ எழுந்து நின்று, அந்தப் பழைய லாரி கண்ணுக்கு மறைகிறவரை கையை ஆட்டுவாய். உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து உனக்கு இன்னொரு முறை தங்கியது. இந்த முறை என்னிடம் முதலில் சொன்னாய். வண்டியிலேயே ஏறக்கூடாது என்று உன்னை வீட்டில் உட்கார வைத்தோம். உன் கூடையையும் நானே விற்றேன். அதுவும் நான்காம் மாதம் போய்விட்டது. உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழும்போதே என் மனசின் ஒரு மூலையில், 'அப்போ வண்டியால இல்ல' என்று ஒரு நிம்மதி எழுந்தது. உன் குழந்தை போன நாளில் எனக்கு ஒரு நிம்மதி! அதை உன்னிடம் சொல்ல எனக்கு எத்தனையோ மத்தியானங்கள் கிடைத்தன. சொல்லவில்லை. இப்போது இந்தத் தாளில் சொல்கிறேன்.

பல வருஷம் கழித்து, போன ஆடியில் உனக்கு மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். பதினாறு நாள்தான். உன் வீட்டுக்காரர் கட்டுமரத்தை விற்றுவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் காவல் வேலைக்குப் போய்விட்டார். தட்டிக்கு அந்தப் பக்கம் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். நல்லவர்கள்தான்.

நான் இப்போது திருவள்ளூர்ப் பக்கம் போவதில்லை. பொன்னேரியிலேயே உட்கார்ந்து விற்கிறேன். போன மாதம் ஒருநாள் அந்த நர்ஸம்மா மீன் வாங்க வந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. மடவையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "உங்கூட ஒருத்தி வருவாளே, சிரிச்சிக்கினே இருப்பாளே, எங்க அவ?" என்றார். சொன்னேன். கையில் எடுத்த மீனைத் திரும்ப வைத்துவிட்டு அப்படியே குந்திவிட்டார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ 'வண்டியால இல்லியாம்' என்றது இவர் சொன்னதாகத்தான். அவர் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா, இல்லை, கட்டிலோரம் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்காக அந்த நிமிஷத்தில் நீயே கட்டிச் சொன்னதா? எத்தனையோ வருஷமாக என்னிடம் இருக்கிற கேள்வி. பதில் தெரிந்தவர் என் கூடைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

"நர்ஸம்மா, அன்னிக்கு நீங்க அவகிட்ட..."

"இன்னாம்மா?"

அவர் கண் என் முகத்திலேயே இருந்தது. நான் இன்னொரு மடவையை எடுத்து அவர் பையில் போட்டேன்.

"ஒண்ணுமில்ல. வெயிலு ஏறுது, ஊட்டுக்குப் போனதும் மீன ஆஞ்சி கழுவிடுங்க."

அவர் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். 'சொன்னேன்' என்றாலும் 'இல்லை' என்றாலும் அது அவர் பேச்சாகிவிடும். இப்போது அது உன் பேச்சாக இருக்கிறது. உன் குரலில்தான் கேட்கிறது. முதுகில் உன் கையும் கூடவே தெரிகிறது. அப்படியே இருக்கட்டும்டி.