நீ கேட்காத ஞானஸ்நானம்

என் ஸ்டெல்லாவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞானஸ்நானம். சிரிக்காதே. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட நீ என்னைக் கேட்டதில்லை. மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்து மாதா கோயில் வாசலில் உன்னை இறக்கிவிடுவேன். பூசை முடியும்வரை எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டு நிற்பேன். "உள்ள வந்து ஒக்காரேன், வெயில்ல நிக்கிறியே" என்பாய். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

நீ போன பிறகு வந்த முதல் ஞாயிறு, உன்னைத் தேடித்தான் உள்ளே போனேன். பொய் சொல்ல மாட்டேன். இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சு, ஃபேனுக்கு நேர் கீழே நீ உட்காருகிற இடம். நீ இல்லை. ஆனாலும் எழுந்து வர மனசு வரவில்லை. நீ இருக்க மாட்டாய் என்று தெரிந்தே அடுத்த ஞாயிறும் போனேன். அதை யாருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

திருநீற்றுப் புதன் அன்று மானம் போயிற்று. ஃபாதர் என் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டார். சாம்பல் பட்டதுதான் தாமதம், சின்ன வயசுப் பழக்கம், கை தானாக எழுந்து மூன்று விரலால் பட்டையாக இழுத்துவிட்டது! உன் சிநேகிதி மேரியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஃபாதர் சிரிக்கவில்லை. ஞானஸ்நானம் வேண்டும் என்று அவரிடம் முன்பே கேட்டிருந்தேன். அன்று தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அவங்க போன துக்கத்துல கேக்கறீங்களா? முழுசா ஒரு வருஷம் வகுப்புக்கு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. சவாரியை விட்டுவிட்டு ஒரு வாரம்கூடத் தவறாமல் போனேன்.

தங்கச்சி கோமதிக்குப் போன வாரம்தான் சொன்னேன். "இன்னாண்ணா இது? அண்ணி இருந்தப்பவே மாறாதவன், இப்ப யாருக்கோசரம் மார்ற? அப்பாவுக்கு யாரு திதி குடுக்கறது? இதப் பண்ணிட்டு என் வூட்டு வாசப்படி மிதிக்காத!" என்று போனிலேயே அழுதாள். அம்மா போன பிறகு நான் தலைவாரிவிட்டு வளர்த்த பெண் அவள்.

"திதி குடுக்க நம்ம தம்பி சின்னவன் கீறான். நான் உன் வூட்டு வாசல்லயே ஆட்டோவப் போட்டுக்கினு ஒக்காந்திருப்பேன். அப்பாவுக்குப் புள்ள இல்லன்னு ஆயிடுவேனாடி?" என்றேன். போனை வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வரமாட்டாள். அதற்காக நாளைத் தள்ளிப்போடச் சொல்லி நான் ஃபாதரிடம் போகப்போவதில்லை.

உனக்காகத்தான் மாறுகிறேன் என்று சொன்னால் கோமதிகூட மன்னித்துவிடுவாள். பொண்டாட்டி மேல் அவ்வளவு ஆசை, பாவம் என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள். அப்படிச் சொல்ல மாட்டேன் ஸ்டெல்லா. உன்னால்தான் அந்தக் கோயிலையே தெரியும். ஆனால் இந்த ஒரு வருஷம் அங்கே உட்கார்ந்திருந்தது நானாகத்தான்.

மேலே உன்னைப் பார்க்கலாம் என்ற ஆசை இல்லாமல் இருக்குமா? நிறையவே இருக்கிறது. ஆனால் அங்கே நீ இருக்க மாட்டாய் என்று யாராவது சத்தியம் செய்து சொன்னாலும், ஞாயிறன்று தலையைக் குனிந்து அந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றைக்கும் உன் வீட்டுக்காரன்,
குமரேசன்